காசு கொடுத்து வாங்கிய கேம் ஒரு நாள் காணாமல் போனால் யாரைப் போய்க் கேட்பது?

ராத்திரி_ரேஸ்

தி க்ரூ விவகாரத்தைப் பற்றி இங்கே துண்டு துண்டாகப் பேசியிருக்கிறோம், முழுசாக யாரும் எழுதவில்லை, அதனால் தனி இழையாகவே போடுகிறேன். தெரியாதவர்களுக்கு: யுபிசாஃப்ட் 2014 டிசம்பரில் வெளியிட்ட கார் கேம். அமெரிக்கா மொத்தத்தையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் காரை எடுத்தால் லாஸ் ஏஞ்சலஸ் வரை நடுவில் ஒரு லோடிங் திரைகூட வராமல் ஓட்டிக்கொண்டே போகலாம். மலைப்பக்கம் ஏறினால் பனி, தெற்கே இறங்கினால் சதுப்பு நிலம், நடுவே மணிக்கணக்கில் ஒன்றுமே இல்லாத நெடுஞ்சாலை மாதிரி ஒரு உணர்வு. எனக்குப் பந்தயத்தைவிட அந்தச் சும்மா ஓட்டுவதுதான் பிடிக்கும். டெட்ராய்டில் தொடங்கும் கதைப்பகுதி முழுக்கத் தனி ஆள் ஆடுவது. ஆனால் தனியாக ஆடினாலும் இணையம் இல்லாமல் கார் ஒரு அடி நகராது, அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். பழைய கேம், ஆள் குறைந்துவிட்டது, அதுவரைக்கும்கூட மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அடுத்த மாதம் என்ன செய்தார்கள் என்றால், வாங்கியவர்களின் கணக்கிலிருந்து ஆடுவதற்கான லைசென்ஸையே உருவிவிட்டார்கள். திறக்கப் போனால், இந்த கேம் இனி உங்களுக்கு இல்லை, கடைப்பக்கம் போய் வேறு ஏதாவது பாருங்களேன் என்கிற மாதிரி ஒரு வரி வருகிறது. சர்வரை அணைப்பது செலவைக் குறைக்க, சரி. லைசென்ஸை எடுப்பதில் அவர்களுக்கு எந்தச் செலவு மிச்சமாகிறது? இது ஒன்றுக்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள்.

மூன்றாம்_கியர்

ஒன்பது வருடத்துக்கு மேல் ஓடிய கேம் நண்பரே. ஆரம்பத்தில் கொடுத்த காசை ஒன்பது வருடத்துக்கு வகுத்துப் பாருங்கள், மாதத்துக்கு ஒரு டீ காசுகூட வராது. கம்பெனி என்ன தர்ம சத்திரமா நடத்துகிறது? அப்புறம், இணையம் எப்போதும் வேண்டும் என்று அட்டைப்பெட்டியிலேயே எழுதியிருந்தது. 'சம்மதம்' என்று அழுத்தியபோது கீழே இருந்த நாற்பது பக்கத்தை யார் படித்தோம்? படித்திருந்தால், எப்போது வேண்டுமானாலும் சேவையை நிறுத்தலாம் என்பது அதில் இருக்கும். இப்போது வந்து குதிப்பதில் அர்த்தம் இல்லை.

ராத்திரி_ரேஸ்

சேவையை நிறுத்தியதற்கு நான் குதிக்கவே இல்லையே, மறுபடி ஒருமுறை படியுங்கள். தவிர, 2014இல் வாங்கியவருக்குத்தான் ஒன்பது வருடம். 2023 அக்டோபரில் தள்ளுபடியில் வாங்கியவருக்கு ஆறு மாதம்கூட இல்லை. கடைசி வரை கடையில் அது மற்ற கேம் மாதிரியேதான் கிடந்தது, ஆறு மாதத்தில் கெட்டுப்போகும் என்று எங்கேயும் தேதி குத்தவில்லை. புதிதாக வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

சர்வர்_ரூம்

நான் இந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறேன், கேம்களுக்குப் பின்னால் ஓடும் சர்வர் பக்கம். இரண்டு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் விற்பனை நிறுத்தம். சர்வர் கட்டமைப்பு, லைசென்ஸ் இரண்டையும்தான் யுபிசாஃப்ட் காரணமாகச் சொன்னது. கார் கேம் என்றால் இது எப்போதும் இருக்கும் தலைவலி. உண்மையான கார் கம்பெனிகளின் பெயரும் உருவமும் பயன்படுத்த ஒப்பந்தம் போடுவார்கள், பாட்டுக்குத் தனி ஒப்பந்தம். காலம் முடிந்ததும் புதுப்பிக்கக் காசு வேண்டும். பழைய கேமுக்கு யாரும் அந்தக் காசைப் போட மாட்டார்கள். ஆனால் இது புதிதாக விற்பதற்குத்தான் தடை. ஏற்கெனவே விற்றதை வாங்கியவர் ஓட்டக் கூடாது என்று வழக்கமாக எந்தக் கார் கம்பெனியும் கேட்பதில்லை. ஃபோர்ஸா என்ற கார் கேம் வரிசையில் பல கேம்கள் கடையிலிருந்து போய்விட்டன, வாங்கியவர்கள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்தது சர்வர். 'ஒரு பேட்ச், அதாவது ஒரு திருத்த அப்டேட், போட்டால் ஆஃப்லைன் ஆகிவிடும்' என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். ஒரு கேமில் உங்கள் கார் எது, காசு எவ்வளவு, எந்த மிஷன் முடிந்தது என்பதெல்லாம் சர்வர் பக்கம் இருந்தால், அதை அப்படியே பெயர்த்து உங்கள் கணினிக்குள் வைக்க ஆள் வேண்டும். கேம் வெளிவந்து ஏழெட்டு வருடம் கழித்து அந்தக் குறியீட்டை எழுதியவர்களில் பாதிப் பேர் வேறு கம்பெனியில் இருப்பார்கள். உள்ளே வெளியாரிடம் வாங்கிய மென்பொருள் இருக்கும், அதை மக்களிடம் கொடுக்க ஒப்பந்தம் இடம் தராது. கடைசி வருடத்தில் வந்து கேட்டால் நிஜமாகவே செலவுதான்.

ஆனால் முதல் வருடத்திலேயே, இது ஒரு நாள் மூடப்படும், அன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று யோசித்துக் கட்டினால் அந்தச் செலவில் பெரும்பகுதி வராது. நாக்கவுட் சிட்டி என்ற கேமை 2023இல் மூடினார்கள், யுபிசாஃப்டைவிட ரொம்பச் சின்ன ஸ்டூடியோ, போகும்போது தனியார் சர்வர் வைத்து ஆட ஒரு பதிப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டுக்கு 2024 ஜனவரியில் சர்வர் நின்றது, அதற்கு முன்பே பேட்ச் போட்டு, தனியாக ஆடும் பகுதி பெரும்பாலும் ஓடும்படி செய்துவிட்டார்கள். அதுவும் கார் கேம்தான், அதுவும் நிஜக் கார்கள்தான். இதற்கு மேல் என்ன சொல்ல.

பழைய_டிஸ்க்

பர்மா பஜாரில் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்ற திருட்டு சிடி இன்னும் என் அலமாரியில் ஓடுகிறது, காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டிஸ்க் ஓடாது. இதைவிடக் கேவலம் என்ன வேண்டும்? டிஸ்க் வைத்திருந்தால் பிழைத்தோம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல், தி க்ரூவை டிஸ்காக வாங்கியவர்களுக்கும் இதே கதிதான்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் 2024 நவம்பரில் வழக்குப் போட்டார்கள். யுபிசாஃப்ட் தரப்பு பதிலில் இரண்டு விஷயம் இருந்தது. உங்களுக்குக் கொடுத்தது லைசென்ஸ்தான், முழு உரிமை அல்ல என்பது ஒன்று. வழக்குப் போடவேண்டிய காலம் கடந்துவிட்டது என்பது இன்னொன்று. அதாவது, அவர்கள் பிடுங்கியது 2024இல், நாம் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டியது வாங்கிய சில வருடத்துக்குள். இதற்கு வாதிகள் பெட்டிக்குள் இருந்த ஆக்டிவேஷன் கோடின் படத்தை எடுத்து வைத்தார்கள். அதில் போட்டிருந்த காலாவதி 2099. சிரிக்கிறதா அழுகிறதா தெரியவில்லை.

மூன்றாம்_கியர்

அது கோடைப் பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, சர்வர் ஓடும் தேதி இல்லை.

பழைய_டிஸ்க்

ஆமாம், 2098இல் போய் கோடைப் போட்டால் என்ன திறக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

யாழ்_வாசி

அண்ணாமார் எல்லோரும் மூடுவதைப் பற்றியே கதைக்கிறீர்கள். கேம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதியில் வந்து வாசலைப் பூட்டுவதும் இருக்கிறது. ஹெல்டைவர்ஸ் 2, 2024 பெப்ரவரியில் வந்தது, கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக உலகம் முழுக்க விற்றார்கள். பிளேஸ்டேஷன் கணக்கு வேண்டும் என்று கடைப்பக்கத்தில் போட்டிருந்தது உண்மைதான், ஆனால் தொடக்கத்தில் கூட்டம் தாங்காமல் அதைத் தாண்டிப் போக விட்டார்கள். மே 3ஆம் திகதி பிளேஸ்டேஷன் கம்பெனியான சோனி வந்து, இனிமேல் எல்லோரும் கணக்கை இணைத்தே ஆகவேண்டும் என்றது.

பிரச்சினை என்னவென்றால் அந்தக் கணக்கு சேவை இல்லாத நாடுகள் நூற்றுக்கும் மேல். இலங்கையும் அப்படி வெளியே நிற்கிற நாடுதான். இந்தியாவில் இருக்கிற உங்களுக்கு இது பெரிதாக விளங்காது, உங்களுக்குக் கணக்குத் திறக்கலாம். எங்களுக்கு வேறு நாட்டு முகவரியைப் பொய்யாகக் கொடுத்தால்தான் உண்டு, அதைச் செய்தால் விதிமீறல் என்று கணக்கை மூட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. விற்கும்போது எங்கள் காசு செல்லும், ஆட வந்தால் எங்கள் நாடு செல்லாது.

இரண்டு மூன்று நாளில் ஸ்டீமில் இரண்டு லட்சத்துக்கு மேல் எதிர்மறை ரிவியூ விழுந்தது. மே 6 அன்று சோனி அறிவிப்பை வாபஸ் வாங்கியது. பலர் அதோடு வெற்றி என்று கொண்டாடிவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் அந்தக் கலவரத்தில் 170க்கு மேற்பட்ட நாடுகளில் கேமை விற்பனையிலிருந்து எடுத்தார்கள் பாருங்கள், அது உடனே திரும்பி வரவில்லை. அதே மாதம் கோஸ்ட் ஆஃப் சுஷிமா கணினிக்கு வந்தபோது, அது அடிப்படையில் தனி ஆள் ஆடும் கேம், அதையும் எங்கள் பக்கம் விற்கவில்லை. கோபப்பட்டவர்களுக்குப் பழையபடி கேம் கிடைத்தது, கோபப்பட வாய்ப்பே இல்லாத நாடுகளுக்குக் கதவு சாத்தப்பட்டது.

ராத்திரி_ரேஸ்

தம்பி சொன்ன கடைசி வரி எனக்கு உறைத்தது. நான் அந்த மே மாதம் ரிவியூ போட்டுவிட்டு, வாபஸ் வந்ததும் மாற்றிப் போட்ட கூட்டத்தில் ஒருவன். பட்டியலில் யார் விடுபட்டார்கள் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

சர்வர்_ரூம்

சோனி 2025 தொடக்கத்தில் சில தனி ஆள் கேம்களுக்குக் கணினியில் அந்தக் கணக்குக் கட்டாயத்தைத் தளர்த்தியது. ஆக, தொழில்நுட்பத் தேவை என்று எதுவும் அதில் இருந்ததில்லை. ஆள் கணக்குக் காட்டுவதற்கான தேவை மட்டும்தான்.

சும்மா_பார்வையாளர்

கேம் மட்டும் இல்லை சார். ஸ்பாட்டிஃபை, காரில் பொருத்தி வைக்க கார் திங் என்று ஒரு சின்னத் திரை விற்றது, 90 டாலர். 2022இல் பொதுமக்களுக்கு விற்பனை, அதே வருடமே தயாரிப்பை நிறுத்தினார்கள், 2024 டிசம்பர் 9க்குப் பிறகு அது வேலை செய்யாது என்று அறிவித்துவிட்டார்கள். மின்கழிவு விதிப்படி அப்புறப்படுத்துங்கள் என்று அறிவுரை வேறு. கத்தின பிறகுதான் ரசீது வைத்திருப்பவர்களுக்குப் பணம் என்று வழிக்கு வந்தார்கள்.

என் வீட்டிலேயே ஒரு கேமரா இருக்கிறது, கம்பெனி பெயர் வேண்டாம். வாசலில் யார் வந்தார்கள் என்று பார்க்க வாங்கியது. ஆப் மாறிவிட்டது, பழைய மாடலுக்கு ஆதரவு இல்லை. லென்ஸ் நன்றாக இருக்கிறது, சிவப்பு விளக்குகூட எரிகிறது, படம் மட்டும் எங்கேயும் வராது. எடுக்க மனசு வரவில்லை, திருடன் பயப்படட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

மனு_எண்

சட்டப்பக்கம் கொஞ்சம் தெரியும் என்பதால் எழுதுகிறேன், இது சட்ட ஆலோசனை இல்லை.

கலிஃபோர்னியாவில் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் கையெழுத்தானது, 2025 ஜனவரி 1 முதல் அமல். டிஜிட்டல் பொருளை 'வாங்கு' என்று பொத்தான் போட்டு விற்றால், இது லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பே ஸ்டீம் தன் கூடையின் அடியில் ஒரு வரி சேர்த்துவிட்டது, பார்த்திருப்பீர்கள். அந்தச் சட்டத்தை ரொம்பத் தூக்கிப் பிடிக்காதீர்கள். பிடுங்கக் கூடாது என்று அது சொல்லவில்லை, பிடுங்குவோம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டுப் பிடுங்கு என்கிறது.

நம் ஊரில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் தன் இஷ்டத்துக்கு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள உரிமை வைத்திருப்பது அதில் ஒரு வகை. படித்தால் கேம் ஒப்பந்தங்களுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். சிக்கல் எங்கே என்றால், நியாயமற்ற ஒப்பந்தம் என்ற அடிப்படையில் புகார் கொடுக்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஆயிரம் ரூபாய் கேமுக்காக யார் சென்னைக்கு அலைவார்கள்? சேவைக் குறைபாடு என்று போட்டால் மாவட்டத்திலேயே முடியும், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போட்டுப் பாருங்கள்.

மூன்றாம்_கியர்

1915க்குப் போன் போட்டு 'என் கேமைக் காணோம்' என்று சொன்னால் எதிர்முனையில் என்ன பதில் வரும் என்று எனக்குக் கேட்க ஆசை.

மனு_எண்

என்ன வேண்டுமானாலும் வரட்டும், புகார் எண் ஒன்று வரும். அது கையில் இருப்பதும் இல்லாததும் பின்னால் பெரிய வித்தியாசம்.

கடைசி_வட்டம்

ஐரோப்பாவில் நடந்ததை யாரும் எழுதவில்லையே. ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் தி க்ரூவை வைத்தே 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று தொடங்கினார். ஏன் இந்த கேம் என்றால், ஆட்கள் நிறைய வாங்கியது, கம்பெனி பிரான்சில் இருக்கிறது, பிரான்சில் நுகர்வோர் சட்டம் கடுமை. கணக்குப் பார்த்துத்தான் இறங்கினார். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மனுவைக் கண்டுகொள்ள வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குள் 10 லட்சம் கையெழுத்து, அதுவும் குறைந்தது ஏழு நாடுகளில் அந்தந்த நாட்டுக்கான அளவைத் தாண்டி வாங்க வேண்டும். பல மாதம் படுத்தே கிடந்தது. 2025 ஜூனில் ஸ்காட், தன் இயக்கத்தை எதிர்த்துப் பேசிய இன்னொரு யூடியூபருக்குப் பதில் சொல்லி ஒரு வீடியோ போட்டார், அந்தச் சண்டையிலேயே விஷயம் பரவி ஜூலை 3 அன்று 10 லட்சம் தாண்டியது. முடியும்போது 14 லட்சத்துக்கு மேல்.

கோரிக்கையும் ஒன்றும் பெரிதில்லை. காலம் முழுக்க சர்வர் நடத்து என்று எங்கேயும் கேட்கவில்லை. கைவிடும்போது ஏதாவது ஒரு வகையில் ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ, அவ்வளவுதான். கம்பெனிகளின் ஐரோப்பிய சங்கம், இது கேம் தயாரிப்பை ரொம்பச் செலவு பிடித்ததாக்கிவிடும் என்றது. பிரிட்டனில் தனியாக ஒரு மனு லட்சத்தைத் தாண்டி, 2025 நவம்பரில் நாடாளுமன்ற விவாதம்வரை போனது, சட்டத்தை மாற்றும் எண்ணம் இல்லை என்று அரசு சொல்லிவிட்டது.

ஆனால் யுபிசாஃப்டே தி க்ரூ 2க்கு ஆஃப்லைன் வசதி கொண்டுவரப்போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்து, 2025இல் கொடுத்தும்விட்டது. முடியாது, முடியாது என்ற வேலையை ஒரு வருடத்தில் முடித்தார்கள். முதல் பாகத்தையும் ரசிகர்கள் சும்மா விடவில்லை, சர்வர் அனுப்பும் பதில்களைத் தோண்டி எடுத்துத் தாங்களே ஒரு சர்வரை எழுதி 2025 செப்டம்பரில் ஓட்டிக்காட்டினார்கள். சம்பளம் இல்லாமல்.

பழைய_டிஸ்க்

அதே கம்பெனியின் சந்தாப் பிரிவு அதிகாரி, கேம் சொந்தமாக இல்லாததற்கு ஆடுகிறவர்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? 2024 ஜனவரி. அவர் சொல்லி மூன்று மாதத்தில் பழக்கப்படுத்தியே விட்டார்கள்.

சர்வர்_ரூம்

அந்தப் பேட்டியை நியாயமாக வாசியுங்கள். சந்தா முறை பெரிதாக வளர என்ன மாற வேண்டும் என்ற கேள்விக்கு, சிடி, டிவிடி விஷயத்தில் நடந்தது இங்கேயும் நடக்க வேண்டும் என்றார். வாங்கியதைப் பிடுங்குவோம் என்று சொல்லவில்லை. வெட்டி ஒட்டிய ஒரு வரியை வைத்து அடித்தால், கம்பெனிக்குத் தப்பிக்க அதுவே வழி.

ராத்திரி_ரேஸ்

ஒப்புக்கொள்கிறேன், அந்த வரி இல்லாமலேயே நமக்குப் பேச நிறைய இருக்கிறது. எனக்கு இன்னொன்று புரியவே இல்லை. இணையம் வழியாகவே கேம் ஆடும் சேவையான கூகுள் ஸ்டேடியாவை 2023 ஜனவரியில் மூடினார்கள். தங்கள் கடையில் விற்ற கேம், கன்ட்ரோலர் எல்லாவற்றுக்கும் பணத்தைத் திருப்பினார்கள், கன்ட்ரோலரைச் சாதாரண புளூடூத்தில் ஓட்ட வழியும் செய்து கொடுத்தார்கள். சோனி கான்கார்ட் என்ற கேமை 2024இல் வெளியிட்ட இரண்டே வாரத்தில் மூடி முழுப் பணத்தையும் கொடுத்தது. மனசிருந்தால் கணக்குப் பிரிவு வேலை செய்கிறது. மனசு எப்போது வருகிறது என்று பார்த்தால், அசிங்கம் பெரிதாக இருக்கும்போது, அல்லது திருப்ப வேண்டிய தொகை கம்பெனிக்குச் சில்லறையாக இருக்கும்போது.

ஸ்கின்_கடன்

நான் போனில் ஆடுகிறவன், உங்கள் பெரிய கேம் எல்லாம் தெரியாது. பப்ஜி 2020 செப்டம்பரில் போனது, அதுவே பெயர் மாறி 2021இல் வந்தது, 2022 ஜூலையில் மறுபடி கடையிலிருந்து போனது, 2023 மே மாதம் திரும்பி வந்தது. அது அரசு எடுத்த முடிவு, கம்பெனியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடைவெளியில் நான் கேமுக்குள் வாங்கிய துப்பாக்கி, சட்டை எல்லாம் யாருடையது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை. தங்கச்சியின் கால் கொலுசைவிட அதிகம் செலவு பண்ணியிருக்கிறாய் என்று அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

மனு_எண்

அம்மாவை மாநில ஆணையத்தில் உறுப்பினராகப் போட வேண்டும்.

மூன்றாம்_கியர்

எல்லாம் சரி, சட்டம் போட்டு ஆஃப்லைன் வசதி கட்டாயம் என்று ஆக்குங்கள். அந்தச் செலவைக் கம்பெனி யார் தலையில் கட்டும்? கேம் விலை ஏறும்போது இதே இழையில் வந்து புலம்பக் கூடாது.

கடைசி_வட்டம்

விலை எந்தச் சட்டமும் இல்லாமலேயே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 60 டாலர் 70 ஆனது, 2025இல் நின்டெண்டோ 80க்குப் போனது, மைக்ரோசாஃப்டும் தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2க்கு 80 போட்டுவிட்டு எதிர்ப்பு வந்ததும் 70க்கு இறங்கியது. சரி, வாங்கவே வேண்டாம், சந்தா கட்டுவோம் என்றால், மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் அல்டிமேட் 2025 அக்டோபரில் அமெரிக்காவில் மாதம் 20 டாலரிலிருந்து ஒரே தாவலில் 30. இந்த ஏற்றத்தில் எதற்குள்ளும் ஆஃப்லைன் வசதி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

மூன்றாம்_கியர்

கேம் பாஸை நான் அந்த வாரமே ரத்து செய்துவிட்டேன், அதை எதற்கு இழுக்கிறீர்கள்.

சும்மா_பார்வையாளர்

ஒரு சந்தேகம். இப்போது தள்ளுபடி ஓடுகிறது, இந்த மாதிரி மாட்டிக்கொள்ளாமல் வாங்க எதையாவது பார்த்து வாங்க முடியுமா?

சர்வர்_ரூம்

முழு உத்தரவாதம் எதிலும் இல்லை. ஸ்டீம் பக்கத்தில் வலதுபுறம் வேறு கணக்கு தேவை, டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) இருக்கிறது என்று சின்ன மஞ்சள் பெட்டி இருந்தால் நின்று படியுங்கள். அதே கேம் ஜிஓஜி என்ற இணையக் கடையில் இருந்தால் அங்கே வாங்கி, ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கித் தனி ஹார்ட் டிஸ்கில் போட்டு வையுங்கள், கடையே மூடினாலும் அது ஓடும். வாங்கிய அன்றே வைஃபையை அணைத்துவிட்டு கேமைத் திறந்து பாருங்கள். ஸ்டீமில் வாங்கி இரண்டு வாரத்துக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும், அதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிடலாம்.